நாற்பத்தேழாவது படத்துக்கும் நாற்பத்தெட்டாவது படத்துக்கும் நடுவில்

பந்தாமா, குமாசி
ஜூலை 27, வியாழக்கிழமை

அன்புள்ள ஃப்ரேமாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே உன் அம்மா சௌக்கியம். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமாக இருப்பதை, உன் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் சிரிக்கும் சிரிப்பிலிருந்து தெரிந்துகொள்கிறேன். பதினான்கு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன். உன் சித்தி மகள் அடோமா சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள், உனக்கான மிளகாய்த் தொக்கு பாட்டில்களோடு இந்தக் கடிதத்தையும் அவள் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவை விட்டுப் போனில் கேட்கச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இது நான் கேட்க வேண்டிய விஷயம், அதோடு போனில் நம் இருவருக்கும் வாய் நீளம். எழுத்தில் என்றால் ஒரு வார்த்தை தப்பாக வந்தால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். மேலே இரண்டு இடத்தில் அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒபிரி வீட்டைக் கேட்கிறான். நான் அத்தை மகன் என்று சொல்லி ஒரே தட்டில் ஃபூஃபூ சாப்பிட்டு வளர்ந்த அதே ஒபிரிதான், மரக் கம்பெனியில் ஓய்வு பெற்று, டாக்கொராடியிலிருந்து வந்து நிற்கிறான். போன டிசம்பரில் அத்தையைப் புதைத்து நாற்பதாம் நாள் முடியும்வரை பேசாமல் இருந்தான். நாற்பத்தொன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, டேய் க்வாபெனா, என் மாமா வீட்டில் ரொம்ப நாள் குடியிருந்துவிட்டாய், இந்த வருஷக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்றான். வீட்டைக் கட்டியவர் என் அப்பா. ஆனால் நம் வழக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை சேர்த்தது அவன் சகோதரியின் பிள்ளைக்குத்தான் போகும், பெற்ற பிள்ளைக்கு இல்லை. அவனே உயிரோடு இருக்கையில் குடும்பத்தார் முன்னால் கொடுத்து, வாங்குகிறவன் நன்றிப் பானம் வைத்து, அவர்கள் அதைக் குடித்திருந்தாலொழிய. அப்பா கொடுத்தார், நான் பானம் வைத்தேன். 2007-ல், ஈஸ்டர் திங்கள் மதியம், இதே வாசலில். அன்று உட்கார்ந்திருந்தவர்கள் அப்பா, அத்தை, பழைய குடும்பத் தலைவர், ஒபிரி. மூன்று பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற ஒருவன், எனக்கு அது பிடிக்கவில்லை, அன்றைக்கே குடிக்க மறுத்தேன் என்று இப்போது சொல்கிறான். உரிமை உள்ள மருமகன் குடிக்கவில்லை என்றால் கொடுத்தது கொடுத்ததாகாது. காகிதம் எங்கே என்று நீ கேட்பாய். பெற்ற தகப்பனிடம் கையெழுத்துக் கேட்கிற பழக்கம் எங்கள் காலத்தில் இல்லை.

அப்போதுதான் எனக்குப் படங்கள் ஞாபகம் வந்தன. பள்ளி வெள்ளி விழாவுக்கு வாங்கிய அந்தச் சின்ன கேமரா, அதில் எடுத்ததை எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தோம். அந்தக் கம்ப்யூட்டர் 2013-ல் கண்ணை மூடியது, அதற்குப் பிறகு சேமிப்பு அறையில் அதன்மேல் சேனைக்கிழங்கு அடுக்கியிருந்தோம். பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன், செங்கல் கனம். அதற்கு ஒரு வெளிப்பெட்டி வாங்கி, டிஸ்க்கை உள்ளே போட்டு, மடிக்கணினியோடு வயரில் சேர்த்தால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம் என்று எனக்கே தெரியும், நான் ஒன்றும் படிக்காதவன் இல்லை. எந்தப் பெட்டி என்பதில்தான் சந்தேகம். மறுநாள் காலை கஞ்சிக் கிண்ணத்துக்கு அடியில் உன் அம்மா கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. ஒன்று, பெரிய டிஸ்க்குக்கானது, மடிக்கணினி டிஸ்க்குக்கான குட்டிப் பெட்டி வேண்டாம். இரண்டு, இரண்டு வரிசையாக ஊசி உள்ள பழைய மாதிரி டிஸ்க்குக்கானது, இப்போது வரும் தட்டை வாய் மாதிரி பொருந்தாது. மூன்று, யுஎஸ்பி வயரில் வரும் மின்சாரம் இந்த டிஸ்க்கைச் சுற்ற வைக்கப் போதாது, சுவரில் செருகும் தனி அடாப்டர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருந்தது, அதை நான் படிக்கவில்லை. உன் அம்மாவுக்கு ஊசி வரிசை எல்லாம் எப்படித் தெரியும்? உனக்குத்தான் எப்படித் தெரியும்? அங்கே உன் ஊர் வின்னிபெக்கில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா? சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கெஜேத்தியா சந்தைக்கு ட்ரோட்ரோ வேன் ஏறினேன்.

அங்கே ஹவா என்று ஒரு பெண், முஸ்லிம்கள் குடியிருக்கும் சொங்கோவைச் சேர்ந்தவள், முக்காடு போட்டுக்கொண்டு பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறாள். டிஸ்க்கைத் துணியிலிருந்து பிரித்ததும், சார், இது என்ன, உங்க கல்யாணத்துக்கு வந்த சீரா என்றாள். மூன்று பெட்டி எடுத்து வைத்தாள். ஒன்றில் டிஸ்க் நுழையவே இல்லை. இன்னொன்று சீனாவிலிருந்து வந்த புதுப் பெட்டி, கறுப்பு பிளாஸ்டிக், தூக்கினால் காற்று மாதிரி இருந்தது. மூன்றாவது அமெரிக்காவிலிருந்து கன்டெய்னரில் வந்தது, யாரோ வீட்டில் வைத்துப் புழங்கியது, வெள்ளி நிறம், நல்ல கனம். நம் ஊர் உனக்குத் தெரியும், புதிது என்றால் போலி, அக்கரையில் ஒரு வெள்ளைக்காரன் பத்து வருஷம் வைத்து ஆண்டது என்றால் அசல். நானும் அதையே எடுத்தேன். ஹவா சொல்லத்தான் செய்தாள், சார், அந்த அடாப்டர்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு எடுங்க, இந்தப் புதுசு எந்த ஊர் கரன்ட்டுக்கும் தாங்கும் என்று. முப்பது வருஷமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு நீ மின்சாரம் சொல்லித்தராதே அம்மா என்றேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சரிங்க சார், நான் சின்னப் பொண்ணு என்றாள்.

வீட்டுக்கு வந்து மேசையில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். டிஸ்க்கின் ஊசிகளை எண்ணினேன், முப்பத்தொன்பது. இருபது இருபதாக நாற்பது இருக்க வேண்டும், நடுவில் ஒன்று இல்லை. என் உயிரே போய்விட்டது. கழற்றும்போது நான்தான் உடைத்துவிட்டேன் என்று நினைத்து, தரையில் மண்டியிட்டு, இந்த முழங்காலோடு, டார்ச் அடித்து ஒரு மணி நேரம் ஊசி தேடினேன். கிடைக்கவில்லை. சரி, முதலில் அடாப்டராவது வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அதை மட்டும் சுவரில் செருகினேன். டப்பென்று ஒரு சத்தம், தொடர்ந்து புகை, மீன் கருகிய மாதிரி நாற்றம். உன் அம்மா ஓடி வந்து, ஐயோ படமெல்லாம் போச்சா, மாமா முகமெல்லாம் போச்சா என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். டிஸ்க்கை வயரில் மாட்டியிருந்தேனா இல்லையா என்றே ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. மாட்டவில்லை. எந்தக் கருவியையும் முதலில் சுமை இல்லாமல் சோதித்துப் பார் என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் கத்தியது எனக்கே ஒரு நாள் உதவியது. கருகிய அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன், 120 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நம் சுவரில் வருவது அதற்கு இரண்டு மடங்கு. அதன்பிறகுதான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நான்காவது வரியைப் படித்தேன். நான்கு, அமெரிக்காவிலிருந்து வந்தது வேண்டாம், அடாப்டரில் 240 என்று இருக்கிறதா பார்க்கவும். அதற்குக் கீழே பொடி எழுத்தில், அப்பா கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லிவிடுங்கள் என்று இருந்தது. அது அவன் சொன்னதா நீ சொன்னதா என்று நான் உன் அம்மாவைக் கேட்கவில்லை.

மறுநாள் ஹவா என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கறுப்புப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். அந்த ஒரு நாகரிகத்துக்காகவே அவளை நான் மறக்கமாட்டேன். ஊசி உடைந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள், சார், அந்த ஓட்டை பிறவியிலேயே இருக்கு, தலைகீழா மாட்டாம இருக்கறதுக்காக அவங்களே விட்டது என்றாள். அவளே டிஸ்க்கை உள்ளே வைத்துப் பொருத்திப் பார்த்தாள். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை, அப்போதும் வரவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு டிஸ்க் இருந்துதா சார் என்று கேட்டாள். ஆமாம், இது பின்னால் வாங்கிப் போட்ட இரண்டாவது. புருவம் திருத்துகிற சாமணத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, டிஸ்க்கின் பின்பக்கம் அரிசி அளவுக்கு இருந்த ஒரு பிளாஸ்டிக் தொப்பியைப் பிடுங்கிப் பக்கத்து ஊசிகளில் மாட்டினாள். இப்ப இதுதான் வீட்டுக்கு மூத்தது, இனிமே பேசும் என்றாள். பேசியது. உன் பழைய பள்ளிப் பாடங்கள், என் வினாத்தாள்கள், அமெனுவோரைத் தலைமையாசிரியர் ஆக்கியதை எதிர்த்து நான் எழுதி அனுப்பிய பதினோரு மனுக்கள், எல்லாம் வரிசையாக வந்தன. ஈஸ்டர் என்ற பெயரில் ஒரு கோப்புறை, உள்ளே அறுபத்து மூன்று படம்.

வீட்டில் வைத்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வந்ததுதான் தப்பு. முப்பது படம்கூட ஏறவில்லை, மின்சாரம் போய்விட்டது. சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க் பெருமூச்சு விட்டு நின்றது. திரும்ப வரும்போது மின்சாரம் அடித்துக்கொண்டு வருமே என்று வயரைப் பிடுங்கிவிட்டு, நானும் உன் அம்மாவும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாலு மணி வரை காத்திருந்தோம், சாப்பிடவில்லை. திரும்ப மாட்டியபோது ஒரு தடவை டிக் என்றது. இன்னொரு தடவை டிக். உன் அம்மா ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள், நான் ஜெபிக்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும், அன்று ஆமென் சொன்னேன். மூன்றாவது தடவை சுற்ற ஆரம்பித்தது. அறுபத்து மூன்றும் வந்துவிட்டன. அப்பாவை, எப்போதும் போட்டுக்கொள்கிற அந்தப் பழைய செருப்போடு பார்த்தபோது நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

இனி முக்கியமானது. நாற்பத்தேழாவது படத்தில் ஒபிரி கையில் கண்ணாடிக் குவளை, நான் வைத்த நன்றிப் பானம், ஷ்னாப்ஸ், நிறைய இருக்கிறது. நாற்பத்தெட்டாவது படத்தில் அதே கை, அதே குவளை, காலி. போன செவ்வாய்க்கிழமை குடும்பத்தார் கூடினார்கள். புதுத் தலைவர் நானா அம்போஃபோ நடுவில். நான் மடிக்கணினியைத் திறக்கும்போதே சபையில் அவருக்காகப் பேசுகிற பேச்சாளர், வாத்தியார் இன்னிக்குத் தானே பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கார், பிட்டு கொண்டு வந்திருக்காரா பாருங்க என்று சிரிப்பு மூட்டினான். ஒபிரி இரண்டு படத்தையும் பார்த்தான். நீ நினைப்பதுபோல் அவன் முகம் வெளுக்கவில்லை. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல செத்தவனையே ஆட வைக்கறாங்க, என்னைக் குடிக்க வைக்கறது என்ன பெரிய வேலை என்றான். அப்புறம், சரி, படம் நிஜம்னே வச்சுக்குவோம், குவளையை வாங்கினேன், கீழே கொட்டினேன், குடிச்ச மாதிரி ஒரு படம் காட்டு, இப்பவே செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பறேன் என்றான். அப்படிப் படம் இல்லை. அறுபத்து மூன்றையும் நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. இல்லை.

நானா அம்போஃபோ மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நாற்பத்தேழாவது படத்தில் என் அப்பாவின் கால் பக்கம் தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஒட்ட வெட்டுகிற அதே தலை, இரண்டு முழங்கையும் பறவை இறக்கை மாதிரி விரிந்திருக்கிறது. அவர் அதன்மேல் விரலை வைத்து, படத்துக்கு வாய் கிடையாது, இது யாரு, இதுக்கு வாய் இருக்குமே என்று கேட்டார். என் மகள் என்றேன். ஒபிரி பல்லைக் காட்டிக்கொண்டு, எந்த மகள், நீ கதவைச் சாத்தினியே அந்த மகளா என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, சிரித்தார்கள். நானா ஆகஸ்ட் பதினைந்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்தி வைத்திருக்கிறார். போனில் உன் குரலைக் கேட்டால் போதும் என்கிறார். இங்கே பத்து என்றால் அங்கே உனக்கு விடியற்காலை ஐந்து.

ஆக, படம் எடுத்தவள் நீ. அந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கேமராவுக்குப் பின்னால் கண்ணைத் திறந்து வைத்திருந்தவள் நீ. அவன் குடித்தானா கொட்டினானா? உனக்குப் பதினான்கு வயது, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. எனக்கு இல்லை ஃப்ரேமா. அவன் குடித்தான் என்று இத்தனை மாதம் நெஞ்சில் அடித்துச் சொன்னேன், படங்களைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, நான் அவன் பக்கமே திரும்பவில்லை. எல்லாப் படத்திலும் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. இந்தக் கடிதத்தை நானாவுக்கே வாசித்துக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. பார்த்ததைச் சொல். கொட்டினான் என்றால் கொட்டினான் என்று சொல். ஞாபகம் இல்லை என்றால் அதையே சொல். வீடு போனால் அசோக்வாவில் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன், உன் அம்மாவின் கோழிகளுக்கு மட்டும்தான் இடம் பத்தாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், போனை எடு. என் நம்பரிலிருந்துதான் வரும்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். போன வருஷம் மே மாதம் செலோர்மின் ஆட்கள் உன்னைப் பெண் கேட்டு வந்து கதவைத் தட்டி வைத்த இரண்டு ஷ்னாப்ஸ் பாட்டிலையும் நான் வாசலுக்கு வெளியே வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். பையன் மேல் குற்றம் இல்லை. அவன் அமெனுவோரின் தங்கை மகன், அந்த அமெனுவோர் என்னைவிட ஆறு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்து என் நாற்காலியில் உட்கார்ந்தவர், அதற்காக. அந்த மனிதரை இன்னும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை, அதை எழுதிக்கொடுக்கத் தயார். ஆனால் ஒபிரி என் பானத்தைக் குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்கிறான் என்று ஊரெல்லாம் கத்துகிற நான், இன்னொருவன் வைத்ததைத் தொடக்கூட இல்லையே என்று அந்தச் சிரிப்புக்கு நடுவில் தோன்றியது. வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் உன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாட்சிக்கு விலை பேசுகிறேன் என்று நீ நினைப்பாய். நேற்றுச் சாயங்காலம் அமெனுவோர் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. வாசலில் நின்று, என்ன அசோமானி, இந்தத் தடவை பாட்டிலை நம்ம வீட்டுக்கே வந்து உடைக்கப் போறீரா என்று கேட்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் ஆட்களை மறுபடியும் அனுப்புங்கள், கதவு திறந்திருக்கும் என்றேன். எந்தக் கதவு, அது யாருடைய கதவுன்னே இன்னும் முடிவாகலையே என்றார். விஷம். ஆனாலும் உண்மை. எந்தக் கதவோ, நான் எதற்குப் பின்னால் இருக்கிறேனோ அது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன். தெருமுனை வரை வந்தபோது அவர் பின்னாலிருந்து, டிசம்பரில் பையனுக்கு லீவாம் என்று கத்தினார்.

ஆகவே டிசம்பரில் வாருங்கள், இரண்டு பேரும். பதினைந்தாம் தேதி நீ என்ன சொன்னாலும், போனையே எடுக்காவிட்டாலும், இது மாறாது. குளிர் வந்தால் காதை மூடிக்கொள், இரவு வேலை முடிந்து பஸ்ஸில் தூங்காதே, அடோமாவிடம் வாங்கும் தொக்கை அவனுக்கும் கொடு, காரம் தாங்குகிறானா பார்க்கலாம். கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும் என்று உன் அம்மா எழுதச் சொன்னாள், நானும் சேர்ந்தே சொல்கிறேன். ஆகஸ்ட் பதினைந்து, செவ்வாய், உனக்கு ஐந்து மணி, மறக்காதே. டிசம்பரில் இந்த வாசலோ அசோக்வா வாசலோ, பாட்டிலைத் திறந்து அவர்கள் ஊற்றுவதை எல்லோர் முன்னாலும் குடிப்பேன். படம் எடுக்க ஹவாவைக் கூப்பிட்டிருக்கிறேன், குவளை வாயில் இருக்கும்போது எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நீ படத்துக்குள் நில்.

உன் அப்பா,
க்வாபெனா அசோமானி